சோதனைக்குக் காசு உண்டு, சிகிச்சைக்கு இல்லையா?

கடல் கடந்து உழைக்கும் நம் பெண்களின் வைத்தியச் செலவுக்கு யார் பொறுப்பு?



தாராவியிலிருந்தும் ஆன்டாப் ஹில்லிலிருந்தும் செம்பூரிலிருந்தும் நம் பெண்கள் வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போகிறார்கள். நெல்லையிலிருந்தும் சேலத்திலிருந்தும் பம்பாய்க்குப் பிழைக்க வந்த குடும்பத்தில் அடுத்த தலைமுறை மஸ்கட்டுக்கும் குவைத்துக்கும் போகிறது. பிழைப்புத் தேடி ஊர் விட்டு ஊர் போனவர்கள் நாம். ஆகவே, போகாதே என்று எவளையும் தடுக்கும் யோக்கியதை நமக்கில்லை. ஆனால் போகிறவளை எப்படி அனுப்புகிறார்கள், அங்கே அவள் உடம்புக்கு ஒன்று என்றால் யார் பார்க்கிறார்கள் என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு. அந்தக் கேள்வியைத்தான் இங்கே எழுப்புகிறோம்.

விமானம் ஏறுமுன் அவள் கடக்கும் முதல் வாசல் மருத்துவப் பரிசோதனைக் கூடம். இரத்தம் எடுக்கிறார்கள், மார்பைப் படம் பிடிக்கிறார்கள், சிறுநீரை வாங்கிக் கர்ப்பம் உண்டா என்று பார்க்கிறார்கள். உண்டு என்றால் சீட்டில் ‘அன்ஃபிட்’ என்று விழும். பயணம் அத்தோடு நின்றுவிடும். இந்தச் சோதனைக்கான கட்டணம் பெரும்பாலும் போகிறவளின் கைக்காசு. ஐக்கிய அரபு அமீரகத்தில் போய் இறங்கியபின் வீட்டு வேலைப் பெண்களுக்கு மறுபடியும் கர்ப்பப் பரிசோதனை. சிங்கப்பூரிலோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வேலை பார்க்கும் காலம் முழுவதும், பணிப்பெண்ணுக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. அதில் கர்ப்பம் பார்ப்பதும் ஓர் அங்கம். அந்தச் செலவை முதலாளி தவறாமல் கட்டுகிறார். கட்டாவிட்டால் அரசாங்கம் விடாது.

ஆக, நம் பெண்ணின் கர்ப்பப்பையைச் சோதிக்க ஏஜெண்டு இருக்கிறான், லேப் இருக்கிறது, இரண்டு அரசாங்கங்கள் இருக்கின்றன. அதே கர்ப்பப்பையில் கட்டி வந்தால்? மாதவிலக்கு பத்து நாளாகியும் நிற்காமல் போனால்? வெள்ளைப்படுதலோடு காய்ச்சலும் சேர்ந்து வந்தால்? அப்போது மட்டும் அத்தனை பேரும் எங்கே போகிறார்கள்?

முப்பது வயதுக் கணக்கு

யார் இந்தப் பெண்கள் என்று முதலில் பார்ப்போம். பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்கு நம் அரசு கொடுப்பது இ.சி.ஆர். பாஸ்போர்ட். அந்தப் பாஸ்போர்ட்டோடு வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடியேற்றப் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி வேண்டும். வீட்டு வேலைக்கு என்றால் 30 வயது நிரம்பாத பெண்ணுக்கு அனுமதி கிடையாது. பெண்களின் பாதுகாப்புக்காக இந்த விதி என்கிறார்கள். இருக்கட்டும்.

ஆனால் இந்த விதியின் பலன் என்ன? சட்டப்படி போகிறவள் முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்டவள். இரண்டு மூன்று பிள்ளை பெற்றவள். கருத்தடை அறுவை செய்துகொண்டவளாகவோ காப்பர்-டி போட்டவளாகவோ இருப்பாள். கர்ப்பப்பையில் கட்டி வரும் வயது இது. நம் பாட்டிமார் ‘பெரும்பாடு’ என்று சொன்னார்களே, அந்த அளவு கடந்த உதிரப்போக்கு வரும் வயது இது. கனம் தூக்கித் தூக்கிக் கர்ப்பப்பை இறங்கும் வயதும், மாதவிலக்கு நிற்கும் காலத்துத் தொல்லைகள் தொடங்கும் வயதும் இதுதான்.

இன்னொன்றும் கவனியுங்கள். 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான சோதனை செய்ய வேண்டும் என்பது மத்திய சுகாதார அமைச்சின் திட்டம். அந்த அமைச்சும் 30 என்கிறது. வெளியுறவு அமைச்சும் 30 என்கிறது. முப்பது நிரம்பியதும் சோதனை செய் என்று ஒரு மேசை சொல்கிறது. முப்பது நிரம்பியதும் அனுப்பு என்று இன்னொரு மேசை சொல்கிறது. இரண்டு மேசைக்கும் நடுவே ஒரு காகிதம்கூடப் போய் வரவில்லை! விமானம் ஏறும் பெண்ணிடம் கர்ப்பம் உண்டா என்று பார்ப்பவர்கள், அதே நாளில் புற்றுநோயின் அறிகுறி உண்டா என்று ஏன் பார்க்கவில்லை? காரணம் எளிது. கர்ப்பம் முதலாளிக்கு நஷ்டம். புற்றுநோய் அவளுக்கு மட்டும்தானே நஷ்டம்?

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடவேண்டுமே!

சட்டமே இல்லை என்று சொல்ல வரவில்லை. குவைத்தில் 2015-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் சட்டம் வீட்டு வேலைத் தொழிலாளருக்கென்றே வந்தது. நாளுக்கு 12 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரம் ஒரு நாள் ஓய்வு தர வேண்டும், பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கக் கூடாது, வைத்தியம் முதலாளியின் பொறுப்பு என்றெல்லாம் அது சொல்கிறது. அமீரகத்தில் 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் எண் சட்டம் ஆண்டுக்கு 30 நாள் நோய் விடுப்புத் தருகிறது. அதில் 15 நாள் சம்பளத்தோடு, 15 நாள் சம்பளமில்லாமல். சிங்கப்பூரிலும் பணிப்பெண்ணின் வைத்தியச் செலவை முதலாளியே ஏற்க வேண்டும் என்பதுதான் விதி.

படிக்க நன்றாக இருக்கிறது. நடப்பில் பாருங்கள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் ஏறக்குறைய ஆறு வாரம் கனம் தூக்காதே, குனிந்து பெருக்காதே என்கிறார் டாக்டர். சட்டத்தின் சம்பளமோ 15-ஆம் நாளோடு நின்றுவிடுகிறது. முப்பதாம் நாள் அவள் எழுந்து நின்று கம்பளம் தட்ட வேண்டும். முடியாவிட்டால் ஊருக்குப் போக வேண்டும்.

அதைவிடப் பெரிய முடிச்சு ஒன்று இருக்கிறது. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்தால் போதும் என்றால், இதை வையுங்கள். வைத்தியத்துக்குப் பணம் கொடுக்க வேண்டியவரும் முதலாளி. வேலையை ரத்துச் செய்து விமானம் ஏற்றக்கூடியவரும் அதே முதலாளி. ஒரே கை! செலவு வைக்கும் பெண்ணை வைத்துக்கொள்வதா, ஒரு டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டு வேறொருத்தியை வரவழைப்பதா என்று அந்தக் கை கணக்குப் போடுகிறது. எந்தப் பக்கம் மலிவு என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

இந்தக் கணக்கு நம் பெண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஏஜெண்டிடம் பட்ட கடன் பாக்கி இருக்கிறது. மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும். அதனால் அவள் வாயைத் திறப்பதில்லை. துணியை மடித்து வைத்துக்கொண்டு மாடிப்படி கழுவுகிறாள். இரத்தம் குறைந்து, முகம் வெளுத்து, தலை சுற்றி விழும்போதுதான் வீட்டுக்காரிக்குத் தெரிகிறது. அப்போதும் டாக்டரிடம் தனியாகப் போக முடிவதில்லை. கூட வருபவள் வீட்டுக்காரி. பாஷை தெரிந்தவளும் அவளே. எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாகப் போகிறது, எப்போது நின்றது என்று தாயிடம்கூடக் கூசிச் சொல்லும் விஷயத்தைத் தன்னை வேலை வாங்குகிறவளின் வாய் வழியாகச் சொல்ல வேண்டும். டாக்டர் சொல்லும் பதிலும் அந்த வாய் வழியாகத்தான் வடிகட்டி வருகிறது. இதற்குப் பெயர் சிகிச்சையா?

காப்பீடு என்னும் காகிதம்

“இன்ஷூரன்ஸ் இருக்கிறதே!” என்பார்கள். இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

அமீரகத்தில் 2025 ஜனவரி முதல் நாளிலிருந்து, அதுவரை கட்டாயக் காப்பீடு இல்லாதிருந்த வடக்கு அமீரகங்களிலும் வீட்டு வேலைத் தொழிலாளருக்குக் காப்பீடு கட்டாயமாயிற்று. ஆண்டுக்கு 320 திர்ஹாம் என்று ஓர் அடிப்படைத் திட்டம் வந்தது. நல்ல அடிதான், வரவேற்போம். ஆனால் அந்தத் திட்டப்படி வெளிநோயாளியாக டாக்டரைப் பார்த்தால் செலவில் நூற்றுக்கு 25 நோயாளியின் பங்கு, மருந்தில் 30, படுக்கையில் சேர்ந்தால் 20. மருந்துக்கு ஆண்டு வரம்பு 1,500 திர்ஹாம். இந்தப் பங்குகளுக்கு உச்சவரம்பு உண்டு என்பது உண்மைதான். என்றாலும் மாதா மாதம் இரும்புச்சத்து மாத்திரையும் ஹார்மோன் மாத்திரையும் வாங்க வேண்டியவளுக்கு ஒவ்வொரு முறையும் கையில் காசு வேண்டும். சம்பளத்தை வாங்கியதும் ஊருக்கு அனுப்பிவிட்டவளிடம் காசு ஏது?

சிங்கப்பூரில் 2023 ஜூலையிலிருந்து பணிப்பெண்ணுக்கான மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 15,000 வெள்ளியிலிருந்து குறைந்தது 60,000 வெள்ளியாக உயர்ந்தது. பெரிய தொகைதான். ஆனால் அது படுக்கையில் சேர்வதற்கும் அறுவைச் சிகிச்சைக்கும்தான். பெண்களின் நோய் அறுவை மேசையில் தொடங்குவதில்லை. அது ஒரு சாதாரணக் கிளினிக்கில், ஒரு ஸ்கேனில், ஒரு இரத்தப் பரிசோதனையில் தொடங்குகிறது. அந்த முதல் படிக்குக் காப்பீடு இல்லை. முதலாளியின் மனசுதான் கதி. வெளிநாட்டவர் என்பதால் அரசு மருத்துவமனையிலும் மானியம் கிடையாது, முழுக் கட்டணம். சலுகை இல்லாத ஒரு வீட்டுக்காரர் முதல் பணிப்பெண்ணுக்காக அந்த அரசுக்கு மாதம் 300 வெள்ளி வரி கட்டுகிறார், ஆண்டுக்கு 3,600. அவள் உழைப்பின் பேரில் வரி வாங்கத் தெரிந்த அரசுக்கு அவள் பேரில் ஒரு ஸ்கேன் எடுக்கத் தெரியாதா?

இனி நம் சொந்த அரசுக்கு வருவோம். இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் போகும் ஒவ்வொருவரும் ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ என்ற காப்பீடு எடுக்க வேண்டும். 2003-இல் தொடங்கி, 2017-இல் திருத்தப்பட்ட திட்டம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் இறந்தால் 10 லட்சம். நோயால் மருத்துவமனையில் சேர்ந்தால் மொத்தம் ஒரு லட்சம் வரை, ஒருமுறைக்கு 50,000 வரை. பெண் தொழிலாளிக்குப் பிரசவச் செலவு 35,000, வயிற்றை அறுத்து எடுத்தால் 50,000.

பிரசவச் செலவு! கர்ப்பமில்லை என்று சோதித்த பிறகே இவளை அனுப்புகிறார்கள். இவள் புருஷன் தாராவியில் இருக்கிறான். இரண்டு ஆண்டுக்கு இவளுக்கு ஊர் வாசனை கிடையாது. இவளுக்குப் பிரசவத்துக்கு 50,000 ரூபாய் எழுதி வைத்திருக்கிறார்கள். இவளுக்கு உண்மையில் வரக்கூடிய பெரும்பாடுக்கும், வெள்ளைப்படுதலுக்கும், நீர்க்கடுப்புக்கும், கட்டியைக் கண்டுபிடிக்கும் ஸ்கேனுக்கும் வெளிநோயாளிச் செலவாக ஒரு ரூபாய் எழுதவில்லை. அந்தப் பிரசவப் பணத்தையும், அயல்நாட்டில் செலவானது என்றால், அங்குள்ள இந்தியத் தூதரகம் காகிதங்களில் சான்று செய்த பிறகே வாங்க முடியும். வாரத்தில் ஒரு நாள் வெளியே விடாத வீட்டிலிருந்து அவள் தூதரகத்துக்கு எந்த இறக்கை கட்டிப் பறப்பாள்?

இந்தக் காப்பீடுகூட எல்லோருக்கும் இல்லை. பத்தாவது தேறியவளுக்கு அனுமதி தேவையில்லாத பாஸ்போர்ட். ஆகவே காப்பீடு கட்டாயமில்லை. சிங்கப்பூர் அந்த 18 நாடுகளின் பட்டியலில் இல்லை. அங்கே போகிறவளுக்கும் கட்டாயமில்லை. விசிட் விசாவில் ஏற்றிக்கொண்டு போய் அங்கே வேலைக்குத் தள்ளும் ஏஜெண்டின் கையில் சிக்கியவளுக்கு எதுவுமே இல்லை. புருஷனைப் பார்க்க விசிட் விசாவில் போய், அங்கேயே பிரசவமாகிவிட்ட மனைவியின் ஆஸ்பத்திரிப் பில்லையும் புருஷன் கடன் வாங்கித்தான் கட்டுகிறான்.

தாய்மை குற்றமா?

சிங்கப்பூரில் பணிப்பெண் கர்ப்பமானால் வேலை அனுமதி போகும். நாடு திரும்ப வேண்டும். அந்த நாட்டுக் குடிமகனையோ நிரந்தரவாசியையோ அரசின் சம்மதத்தோடு மணந்தவளுக்கு மட்டும் விலக்கு. மலேசியாவிலும் வெளிநாட்டுத் தொழிலாளிப் பெண் கர்ப்பம் என்று சோதனையில் தெரிந்தால் அனுமதி புதுப்பிக்கப்படாது. இலங்கையிலிருந்து மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன பெண்களுக்குப் புறப்படுமுன் கருத்தடை ஊசி போடப்பட்டதாக 2018-இல் லண்டன் பத்திரிகை ஒன்று அம்பலப்படுத்தியது. மாட்டுச் சந்தையில்கூட மாட்டின் பல்லைத்தான் பார்க்கிறார்கள். இங்கே பெண்ணின் கருவையே வேலை ஒப்பந்தத்தின் ஷரத்தாக்கிவிட்டார்கள்.

வளைகுடா நாடுகள் பலவற்றில் கர்ப்பிணியாக மருத்துவமனையில் பெயர் பதியக் கல்யாணச் சான்றிதழ் கேட்கிறார்கள். இல்லாவிட்டால் விஷயம் போலீசுக்குப் போகலாம். வேலை செய்யும் வீட்டிலேயே கெடுக்கப்பட்ட பெண் என்ன செய்வாள்? ஆஸ்பத்திரிக்குப் போனால் சிறை, போகாவிட்டால் சாவு. அமீரகத்தில் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த குற்றச்சட்டம் இந்தப் பிடியைக் கொஞ்சம் தளர்த்தியது. கணவனோ காப்பாளரோ புகார் கொடுத்தால்தான் வழக்கு. ஆனால் அப்படிப் பிறந்த குழந்தையைத் தாயும் தகப்பனும் ஏற்றுப் பதியாவிட்டால் தண்டனை உண்டு என்ற ஷரத்து அங்கேயும் இருக்கிறது. தகப்பன் என்று சொல்ல வேண்டியவன் அந்த வீட்டு எஜமானனாக இருந்தால், அவன் வந்து பதிவானா?

“அதிகம் கேட்டால் ஆள் எடுக்க மாட்டார்கள்”

இது ஏஜெண்டுகள் பாடும் பல்லவி. நம் அதிகாரிகளும் கூடவே தாளம் போடுகிறார்கள். அதிகம் கேட்டால் வேறு நாட்டுப் பெண்ணை எடுத்துக்கொள்வார்களாம். நம் பெண்களின் பிழைப்பில் மண் விழுமாம்.

பிலிப்பைன்ஸ் நாட்டைப் பாருங்கள். வீட்டு வேலைக்குப் போகும் தன் பெண்களுக்கு மாதம் 400 டாலருக்குக் குறையக் கூடாது, ஏஜெண்டு அவர்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2006-இலேயே அது விதி போட்டது. வீட்டு வேலைத் தொழிலாளர் உரிமைக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189-ஆம் உடன்படிக்கை 2011-இல் வந்தது. மறு ஆண்டே பிலிப்பைன்ஸ் அதை ஏற்றது. அந்த நாட்டுப் பெண்களுக்கு எல்லாம் சுகமாக நடக்கிறது என்று சொல்லவில்லை, அவர்களும் அடிபடுகிறார்கள். ஆனால் விலை கேட்டதால் அவர்களுக்கு வேலை போய்விடவில்லை. குவைத்திலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் இன்றும் அவர்களை எடுக்கிறார்கள். இந்தியா அந்த 189-ஆம் உடன்படிக்கையை ஏற்கவில்லை. மகப்பேற்றுப் பாதுகாப்புக்கான, 2000-ஆம் ஆண்டின் 183-ஆம் உடன்படிக்கையையும் ஏற்கவில்லை. சவூதியோடு 2014-இலும் குவைத்தோடு 2021-இலும் வீட்டு வேலைத் தொழிலாளர் பற்றி ஒப்பந்தம் போட்ட நம் அரசு, நோய் வந்த பெண்ணை அதைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பாதே என்று ஒரு வரியை அடித்துப் பேசி வாங்கியிருக்கலாமே!

பணம் இல்லையா? 2022-ஆம் ஆண்டில் மட்டும் அயல்நாட்டில் உழைக்கும் இந்தியர்கள் வீட்டுக்கு அனுப்பிய பணம் 11,100 கோடி டாலர். உலகிலேயே இவ்வளவு பணம் பெற்ற நாடு வேறில்லை. தூதரகங்களில் 2009 முதல் இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று இருக்கிறது. நாம் பாஸ்போர்ட்டுக்கும் சான்றுக்கும் தூதரகத்தில் கட்டும் கட்டணத்தின் ஒரு பகுதிதான் அந்த நிதி. அவசர வைத்தியத்துக்கு அதிலிருந்து உதவலாம் என்று விதியும் இருக்கிறது. நம் காசு! அதைத் தரும்போது மட்டும் தானம் தருவதுபோல ஏன் முகத்தைத் தூக்குகிறார்கள்?

செலவு கடைசியில் யார் தலையில் விழுகிறது என்பதை நாம் கண்ணால் பார்க்கிறோம். இரண்டு ஆண்டு நோயை அடக்கிக்கொண்டு உழைத்தவள் விமானம் இறங்கி நேராக சயான் மருத்துவமனை வரிசையில் வந்து நிற்கிறாள். உழைப்பை எடுத்துக்கொண்டது அந்த நாடு. உடம்பைத் தைத்துக் கொடுப்பது நம் மாநகராட்சி ஆஸ்பத்திரி. அங்கேயும் பெரிய சிகிச்சை என்றால் அரசுக் காப்பீட்டுக்கு ரேஷன் கார்டு எந்த மாநிலம் என்ற கேள்வி வருகிறது. கார்டு நெல்லையில், உடம்பு மும்பையில், நோய் குவைத்தில் வந்தது. இவள் எந்த அரசின் குடிமகள்?

நம் வீட்டுக்குள்ளேயும் ஒரு வார்த்தை

அரசையும் முதலாளியையும் மட்டும் சாடிவிட்டுப் போக முடியாது. தொலைபேசியில் அவள் “உடம்பு சரியில்லை” என்றால், நம் வீட்டு ஆண்கள் “பணம் எப்போ போடுவே?” என்று கேட்கிறார்கள். பெண் நோயைப் பேசுவது அசிங்கம் என்று மாமியார் வாயை மூடுகிறாள். விலக்கு நாளில் வேலை கெடக் கூடாதென்று தள்ளிப்போடும் மாத்திரையைக் கை நிறைய வாங்கிக் கொடுத்து அனுப்புகிறோம். டாக்டர் சொல்லாமல் மாதக்கணக்கில் அதை விழுங்கினால் என்னாகும் என்று கேட்பதில்லை. அவள் அனுப்பும் பணத்தில் வீடு எழும்புகிறது. அந்தப் பணத்தில் ஒரு மாதத்தை அவள் வைத்தியத்துக்கென்று அவளிடமே விட்டுவைக்க நமக்கு மனம் வரவில்லை என்றால், முதலாளியைத் திட்ட நமக்கு என்ன அருகதை?

கிளம்புமுன் ஒவ்வொரு குடும்பமும் செய்ய வேண்டியவை இவை. அரசு மருத்துவமனையில் இரத்தத்தின் அளவும் கர்ப்பப்பை வாய்ச் சோதனையும் பார்த்துவிடுங்கள். காப்பர்-டி போட்டிருந்தால் போட்ட தேதியைக் குறித்துக் கொடுங்கள். மருந்து கொண்டுபோனால் டாக்டர் சீட்டும் கூடவே போகட்டும். இங்கே சாதாரணமாகக் கிடைக்கும் சில வலி மருந்துகள் வளைகுடாவில் தடை செய்யப்பட்டவை. கல்யாணப் பதிவுச் சான்றிதழ், வேலை ஒப்பந்தம், காப்பீட்டுப் பத்திரம் மூன்றின் நகலும் வீட்டிலும் இருக்கட்டும், அவள் போனிலும் இருக்கட்டும். மணிக்கொரு துணி நனையும் அளவு உதிரம் போனாலோ, மாதவிலக்கு நின்று ஓராண்டு கழித்து மறுபடி உதிரம் பட்டாலோ, உறவுக்குப் பின் இரத்தம் கண்டாலோ, நாள் தள்ளிப் போயிருக்கும்போது அடிவயிற்றில் ஒரு பக்கம் கடும் வலி வந்தாலோ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்புங்கள். வேலை போனாலும் போகட்டும், உயிரோடு வா என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை இல்லாததால்தான் பலர் வாய் மூடிக் கிடக்கிறார்கள்.

நம் கோரிக்கைகள்

1. பிரவாசி பாரதிய பீமா யோஜனாவில் பெண்களுக்கான வெளிநோயாளிச் சிகிச்சை, ஸ்கேன், மருந்து அனைத்தும் சேர வேண்டும். பணம் முதலாளியின் கையெழுத்து இல்லாமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். பணம் தரும் கையும் வேலையை விட்டு நீக்கும் கையும் ஒன்றாக இருக்கக் கூடாது.

2. பாஸ்போர்ட் எந்த வகை, நாடு எது, விசா எது என்று பாராமல் அயல்நாட்டில் உழைக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அந்தக் காப்பீடு கிடைக்க வேண்டும்.

3. கர்ப்பம் பார்க்கும் அதே பரிசோதனைக் கூடத்தில், விருப்பப்படும் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனையும் இரத்தசோகைச் சோதனையும் இலவசமாகச் செய்ய வேண்டும். முடிவு அவள் கையில் மட்டும் தரப்பட வேண்டும். ஏஜெண்டுக்குப் போகக் கூடாது.

4. இந்தியச் சமூக நல நிதியிலிருந்து, நம் பெண்கள் மிகுதியாக உள்ள நகரங்களில், வாரத்தில் ஒரு நாளாவது பெண் டாக்டரும் தமிழ் பேசும் துணையும் இருக்க ஏற்பாடு வேண்டும். போக முடியாதவளுக்குத் தொலைபேசியில் அந்தத் துணை கிடைக்க வேண்டும்.

5. நோயோ கர்ப்பமோ வேலை நீக்கத்துக்குக் காரணமாகக் கூடாது என்ற ஷரத்தை ஒவ்வொரு நாட்டு ஒப்பந்தத்திலும் சேர்க்க வேண்டும். கெடுக்கப்பட்டவள் சிகிச்சைக்கு வந்தால் தூதரகம் அவள் பக்கம் நிற்க வேண்டும்.

6. 189, 183 ஆகிய இரு உடன்படிக்கைகளையும் இந்தியா ஏற்க வேண்டும்.

7. நோயோடு திரும்பி வரும் பெண்ணுக்கு, ரேஷன் கார்டு எந்த மாநிலம் என்று கேட்காமல், இறங்கிய ஊரிலேயே இலவசச் சிகிச்சை தர வேண்டும்.

குடியேற்றப் பாதுகாப்பு அதிகாரியின் அலுவலகம் பாந்த்ரா-குர்லா வளாகத்து விதேஷ் பவனில் இருக்கிறது. தாராவியிலிருந்து நடந்தே போகலாம். அனுமதி முத்திரைக்காக நம் பெண்கள் தனித்தனியே, கையில் காகிதத்தோடும் மனதில் பயத்தோடும் அங்கே போய் நின்றது போதும். இந்த ஏழு கோரிக்கைகளோடு நாம் கூட்டமாகப் போவோம். ஒவ்வொரு கிளையும் தன் பகுதியிலிருந்து அயல்நாடு போன பெண்களின் குடும்பங்களைச் சந்திக்கட்டும், கையெழுத்து வாங்கட்டும். திரும்பி வந்த பெண்கள் முன்வரிசையில் நடக்கட்டும். அவர்கள் உடம்பு பட்ட பாட்டை அவர்கள் வாயாலேயே அதிகாரி கேட்கட்டும். இடையில் வேறு யாரும் மொழிபெயர்க்க வேண்டாம்.